திரையில் தெரிவது நெட்டிதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், மியர்பேங்க்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருக்கிறார். 79 வயது. டர்பன் தமிழர்களில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துபோன இந்தக் காலத்தில், அவருடைய ஆயா பேசிய தமிழைப் பத்திரமாக வைத்திருப்பவர். ஷாட் மீன் சீசன் வந்துவிட்டால் விடியற்காலை நாலு மணிக்கு அவர் வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்கும். கட்டிங்ஸ் பீச்சில் முழங்கால் அளவு நுரையில் நின்று, மத்தி மீன் துண்டைக் கோத்து வீசுவார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு ஷாட்தான் எடுக்கலாம் என்பது இங்கே சட்டம்; அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. நாலாவது மீன் வாளியில் விழுந்ததும் கோலைக் கழற்றிவிடுவார். மற்றவர்கள் இன்னும் வீசிக்கொண்டிருப்பார்கள், மீனும் கடித்துக்கொண்டிருக்கும், அவர் திரும்பிப் பார்க்காமல் மணலில் ஏறி வந்துவிடுவார்.

2019 பிப்ரவரியில் கனடாவிலிருந்து திரும்பி வந்த கையோடு அவரிடம் ஓடினேன். உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து, பனியில் துளை போட்டு, எதிரொலியை வைத்து நீருக்குள் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியில் மீனைப் பார்த்துப் பிடித்த கதையை ஆசை ஆசையாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "பொட்டியில மீனைப் பாத்துட்டு அப்புறம் தூண்டி போடறது, மார்க்கெட்ல காசு குடுத்து வாங்குற மாதிரி தம்பி" என்றார். கோபமோ கேலியோ இல்லை. அவருக்குத் தோன்றியதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது ஆறவே இல்லை. வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தது.

ஆறாததற்குக் காரணம் என் பிழைப்பு. டர்பன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ரேடாரும் எக்கோ சவுண்டரும் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. ஒலியை நீருக்குள் அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து ஆழம் சொல்லும் கருவியோடுதான் தினமும் இருக்கிறேன். ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் என்பவர் இதற்கு 1913-ல் காப்புரிமை வாங்கினார். டைட்டானிக் மூழ்கிய பிறகு, பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடிப் போனவர் அவர். பனிப்பாறைக்குச் சரிவராத எதிரொலி கடலின் தரையைக் காட்டிக்கொடுத்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார் அதையே கையில் தூக்கிப் போகிற பச்சைப் பெட்டியாகச் செய்து தூண்டில்காரர்களுக்கு விற்றார்கள். பாம்பனில் என் அப்பா கயிற்றில் ஈயம் கட்டி இறக்கி, ஒட்டி வரும் சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்துத்தான் தன் கடலை அறிந்தவர். அவருக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எத்தனை ராத்திரி வெறும் வலையோடு திரும்பாமல் இருந்திருப்பார் என்று நினைத்து வளர்ந்தவன் நான். அதை மார்க்கெட் என்று ஒருவர் சொன்னால் எப்படிச் சும்மா இருப்பது?

சிம்கோ ஏரியின்மேல் ஒரு நாள்

தங்கச்சி டொராண்டோவில் இருக்கிறாள். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் அதன்மேல் ஒரு ஊரே குடியேறிவிடுகிறது. பலகைக் குடிசைகள், கூடாரங்கள், பனி வண்டிகள். பத்து சென்டிமீட்டர் நல்ல தெளிந்த பனி இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அங்கே கணக்கு. நாங்கள் போன அன்று அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தது. மாப்பிள்ளை ஆகரை வைத்துத் துளை போட்டார். திருகுபோல இறங்கும் நீளமான கருவி. கடைசிச் சுற்றில் பனி விட்டுக்கொடுத்ததும் குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. அதில் மிதக்கும் பனித்தூளை அள்ளி எறிய ஒரு கரண்டி கொடுத்தார்கள். பார்த்தால் நம் வீட்டு ஜல்லிக்கரண்டியேதான். அப்பளம் எடுக்கிற கரண்டியால் ஏரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

அங்கே பனியில் உட்காருபவர்களிடம் நிறைய இருப்பது ஃபிளாஷர் என்ற வகை சோனார். கப்பலில் நான் பார்க்கும் திரை, கடந்துபோன தரையை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போகும். ஃபிளாஷர் எதையும் எழுதி வைக்காது. கடிகாரம்போல ஒரு வட்டம், அதைச் சுற்றி ஆழத்தின் எண்கள். இந்தக் கணத்தில் துளைக்குக் கீழே என்ன இருக்கிறதோ அது மட்டும் வண்ணக் கோடாக மின்னும். மெல்லிய எதிரொலி பச்சை, பலமானது சிவப்பு. தரை ஒரு தடித்த சிவப்புப் பட்டை. நாம் இறக்குகிற ஜிக், அதாவது தூண்டில் முள்ளோடு சேர்ந்த சின்ன ஈயத்துண்டு, ஒரு பச்சை இழையாக எண் எண்ணாக இறங்குவது தெரியும். கையை ஒரு விரற்கடை தூக்கினால் அந்த இழையும் தூக்கும். உறைகிற நிலையில் உள்ள தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போகிறது. 20 மீட்டர் இறங்கி ஏறி வர ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்குகூட ஆகாது. அதனால் கையும் கண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. இத்தனை வருஷம் எக்கோ சவுண்டரைத் திறந்து மூடியிருக்கிறேன். அதன் வழியாக ஒரு உயிரை முதல்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காலையில் பெர்ச் மீனுக்கு உட்கார்ந்தோம். மஞ்சள் உடம்பில் கரும்பச்சைப் பட்டைகள் போட்ட, கையகல மீன். கூட்டமாகத் தரையை ஒட்டி வரும். ஆழம் 52 அடி. சிவப்புப் பட்டைக்கு மேலே இன்னொரு சிவப்பு முளைத்தால் கூட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். மதியத்துக்குமேல் இடம் மாற்றி, 90 அடி ஆழத்தில் லேக் ட்ரவுட்டுக்குப் போனோம். பெர்ச் பசியோடு வரும். ட்ரவுட் யோசனையோடு வரும். ஜிக்கை மேலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 85 அடியில் ஒரு பச்சைக் கீற்று தோன்றி, ஜிக்கைத் துரத்தி எழும்பும். எழும்ப எழும்பச் சிவக்கும். 70, 65, 60. இரண்டு கோடும் தொடுகிற நேரத்தில் நின்றுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு நாமும் நிற்போம். அப்புறம் மெல்ல வெளுத்து, கீழே இறங்கி, இல்லாமல் போய்விடும். அன்று ஏழு முறை அப்படி ஆயிற்று. நான் இழுத்த வேகமா, திடீரென்று நிறுத்தினதா, எது அதற்குப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டேன். தாத்தாவுக்கு அப்போதே மனசுக்குள் பதில் தயாராகிவிட்டது: மார்க்கெட் மீன் நம்மை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கரையிலிருந்து வீசுகிறவருக்கு மீன் வந்து மறுத்துப் போனதே தெரியாது. அந்த மறுப்பைக் கண்ணால் காட்டிய பெட்டி அது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை அப்போதே, வெறும் பதிலாக எழுதியிருப்பேன்.

ஆனால் காலையில் ஒன்று நடந்திருந்தது. நாலைந்து பெர்ச் வந்தபிறகு, விரல் நீளத்துக்கு ஒரு குட்டி வந்தது. மருமகளுக்கு ஒன்பது வயது. அது சின்னது, விட்டுவிடலாம் என்றாள். முள்ளை எடுத்துத் துளைக்குள் விட்டேன். அது மல்லாந்தது. வால் மட்டும் கீழே போகத் துடிக்கிறது, வயிறு மேலேயே நிற்கிறது. பனியின் விளிம்பில் போய்ப் போய் இடித்தது. ஜல்லிக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து அழுத்தினேன். கரண்டியை எடுத்ததும் கார்க் மாதிரி மேலே வந்தது. இன்னும் ஆழமாக அழுத்தினேன். மறுபடியும் வந்தது. "மாமா, அது ஏன் கீழ போக மாட்டேங்குது?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெட்டியில், 52 அடியில், அதன் கூட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி போகவேண்டிய இடம் எது என்று எண்ணோடு எனக்குத் தெரியும். அதை அங்கே சேர்க்க வழியில்லை. கடைசியில் வாளியில் போட்டுக்கொண்டோம். அவள் வாளிப் பக்கம் அப்புறம் வரவில்லை.

மதியம் ஒரு ட்ரவுட் உண்மையாகவே கடித்தது. இழுத்துக்கொண்டு வரும்போது, மீன் தெரிவதற்கு முன்னாலேயே துளைக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்து வெடித்தது. பிறகுதான் சாம்பல் நிறத் தலை. அளவு போதாது. விட்டுவிட்டோம். தலையைக் கீழே திருப்பினதுதான் தெரியும், ஆள் போய்விட்டது. பெர்ச்சைவிட எவ்வளவோ ஆழத்திலிருந்து வந்த மீன். அது நேராக வீட்டுக்குப் போகிறது, இது போகவில்லை.

குதிகாலில் வெடிக்கும் பை

அன்று ராத்திரி தங்கச்சி வீட்டு சமையலறையில் பெர்ச்சைக் கழுவினேன். வயிற்றைக் கீறினால் குடலை ஓரம் தள்ளிவிட்டு, வெள்ளையாக, விம்மிப்போய், நெட்டி. பாம்பன் பக்கத்துக்காரர்களுக்கு நெட்டி என்றால் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, மீனின் காற்றுப்பை. கூறல் மீன் கிடைத்தால் அதன் கறியைவிட நெட்டிக்குத்தான் விலை. காயவைத்து வெளிநாட்டுக்குப் போகும். சாதா மீனின் நெட்டி எங்களுக்கு, பிள்ளைகளுக்கு. அம்மா மீன் ஆயும்போது பக்கத்தில் காத்திருந்து, எடுத்துப்போட்டதைக் குதிகாலில் வைத்து மிதித்தால் டப்பென்று வெடிக்கும். நானும் தங்கச்சியும் அதற்குச் சண்டை போட்டிருக்கிறோம். இந்தக் குட்டி பெர்ச்சின் நெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் காட்டினேன். அவளுக்கும் அதே ஞாபகம் வந்துவிட்டது.

பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 52 அடி என்றால் சுமார் 16 மீட்டர். மேலே இருப்பதைவிட இரண்டரை மடங்குக்குமேல் அழுத்தம். அங்கே அளவாக இருந்த காற்று மேலே வந்ததும் இரண்டரை மடங்கு விரிகிறது. ட்ரவுட்டின் நெட்டிக்கு உணவுக்குழலோடு ஒரு சின்னக் குழாய் இணைப்பு உண்டு, ஏப்பம் விடுவதுபோலக் காற்றை வெளியே விட்டுவிடும். துளையில் வெடித்த குமிழ்கள் அதுதான். பெர்ச்சின் நெட்டி மூடிய பை. காற்று ரத்தத்தின் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். தூண்டில்காரன் இழுக்கிற அரை நிமிஷம் அதற்குப் போதாது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, தொழில் தெரிந்தவனாக எனக்கு உறைத்தது வேறொன்று. சோனார் திரையில் மீனாகத் தெரிவது பெரும்பாலும் அந்த நெட்டிதான். மீனின் சதை ஏறக்குறையத் தண்ணீர் மாதிரி. ஒலி அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் போய்விடும். காற்று நிரம்பிய பையில் பட்டால்தான் பலமாகத் திரும்பும். நெட்டியே இல்லாத வஞ்சிரம், டர்பனில் கூட்டா என்கிறார்கள், நல்ல பெரிய மீனாக இருந்தும் திரையில் மங்கலாகத்தான் விழும். சுறாவும் அப்படியே. பத்து பதினைந்து வருஷம் எதிரொலியைக் கட்டி மேய்த்த எனக்கு இது பாடமாகத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்புக் கோடும் ஜல்லிக்கரண்டியின் கீழ் மல்லாந்து கிடந்த குட்டியின் வயிறும் ஒரே பொருள் என்று அன்று ராத்திரிதான் உறைத்தது. எது அதைக் காட்டிக்கொடுத்ததோ அதுவேதான் அதைத் திரும்பிப் போக விடவில்லை.

48 மீட்டர்

டர்பனுக்கு வந்து தாத்தாவிடம் கதை சொன்னபோது இந்தக் குட்டியின் கதையை நான் சொல்லவில்லை. ட்ரவுட் கதை மட்டும் சொன்னேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே பனி கிடையாது. டிராக்கன்ஸ்பர்க் மலையடியில் ட்ரவுட் உண்டு. 1890-ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து ஓடைகளில் விட்ட இனம். எங்களுக்குக் கடல்தான். நண்பர் ஒருவரின் படகில் மாதம் ஒருமுறை போவேன், சோனாரைப் பார்ப்பது என் பொறுப்பு. சென்ற ஆண்டு பிளஃப் முனைக்கு வெளியே ஒரு பாறையில், 48 மீட்டரில், மீன் அடுக்கடுக்காகத் தெரிந்தது. "இறக்குங்க" என்றேன். முதலில் ஸ்லிங்கர் என்ற மீன் வந்தது. அப்புறம் ஒரு மஞ்சள் வயிற்றுக் களவா. அது 60 சென்டிமீட்டர் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். இது 40 இருக்கும். சட்டப்படி விட வேண்டும். விட்டோம். கண்கள் பிதுங்கி, வாயிலிருந்து பலூன்போல ஒன்று வெளியே தள்ளியிருந்தது. பலரும் அதை நெட்டி என்று நினைத்துக் குத்துகிறார்கள். அது இரைப்பை, உள்ளே விரிந்த காற்று அதை வெளியே தள்ளுகிறது. குத்தினால் இன்னும் கேடு. களவா மல்லாந்து மிதந்து, அலையோடு எங்களைவிட்டு விலகிப் போனது. ரொம்ப நேரம் அதன் மஞ்சள் வயிறு தெரிந்தது. பறவைகள் வந்தன. சட்டத்தை முழுசாக மதித்து ஒரு மீனைக் கொன்றிருந்தோம். இறக்கச் சொன்னவன் நான்.

அன்று சாயங்காலம் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். களவாவை, பிறகு ஆறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்த குட்டி பெர்ச்சையும். அவர் நான் எதிர்பாராத ஒன்றைப் பேசினார். செவன்டி ஃபோர். நம் விளைமீன் சாயலில், சிவப்பில் நீலக் கோடு ஓடும் மீன். அவர் அப்பா காலத்தில் படகு படகாக வருமாம். முட்டையிடக் கூட்டம் கூடும் பாறைகளை ஆட்கள் தெரிந்துவைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அங்கேயே போய் அள்ளியதில் அந்த மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1998 முதல் அதைப் பிடிக்கவே தடை. "எடம் தெரிஞ்சுபோச்சு தம்பி. அதான் நடந்தது" என்றார். மார்க்கெட் என்று அவர் சொன்னதன் அடியில் கிடந்தது இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. மீன் எங்கே என்று தெரிந்தவன் எப்போது நிறுத்துவான் என்பதுதான் அவர் பயம். நாலாவது ஷாட்டில் கோலைக் கழற்றுகிற மனுஷன் அவர்.

ஆனாலும் பெட்டியின் பக்கம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதை விட மாட்டேன். அந்தத் திரையில் மீனுக்குப் பக்கத்திலேயே ஆழமும் எழுதியிருக்கிறது. ஆசையில் அந்த எண்ணை நாங்கள்தான் படிப்பதில்லை. 15 மீட்டர் என்றால் ஒரு கணக்கு, 48 என்றால் வேறு கணக்கு. இங்கே இறக்கினால் வருகிற எதையும் சும்மா திருப்பி அனுப்ப முடியாது என்று, தூண்டில் நனைவதற்கு முன்னாலேயே சொல்லக்கூடிய கருவி அது. கரையிலிருந்து குருட்டாம்போக்கில் வீசுகிறவருக்கு அந்தத் தகவல் கிடையாது.

ஆழத்துக்குத் திருப்பி அனுப்ப ஒரு வழி உண்டு என்று படித்திருந்ததைச் சொன்னேன். எதிர்முள் இல்லாத தூண்டிலைத் தலைகீழாகக் கட்டுவது: வளைவில் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, காதில் ஈயக்குண்டு. மீனின் உதட்டில் மாட்டிவிட்டால் குண்டு அதை இழுத்துக்கொண்டு இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடி, விரிந்த காற்று பழைய அளவுக்குச் சுருங்கும். தரைக்கு வந்ததும் ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்றுவிடும். தாத்தா ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவர் ஷெட்டில் பிரைமஸ் அடுப்பு எரிந்தது. காலமெல்லாம் தன் குண்டைத் தானே வார்த்துக்கொண்டவர். பழைய கரண்டியில் ஈயம் உருகி, மேலே சாம்பல் ஏடு கட்டியது. அதை ஓரம் ஒதுக்கிவிட்டு ஈர மணல் குழியில் ஊற்றினார். ஒரு கிலோவுக்குமேல் இருக்கும். முள்ளை வைஸில் பிடித்து, எதிர்முள்ளை அரத்தால் ராவி, கட்டைவிரல் சதையில் உள்ளே விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். சின்ன ரத்தப் பொட்டுதான் வந்தது, ஒரு இழுப்பும் இல்லை.

ஆகஸ்டில் கடல் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு நாள், அவரையும் படகில் கூட்டிக்கொண்டு போனோம். மகள் ஆயிரம் பத்திரம் சொல்லி அனுப்பினாள். அதே பாறை. இரண்டு ஸ்லிங்கர் எடுத்தோம், மூன்றாவதாக ஒரு சின்னக் களவா வந்தது, போன தடவை மாதிரியே விம்மிப்போய். தாத்தா ஈரத்துணியில் பிடித்து, உதட்டில் தன் முள்ளை மாட்டி, நரம்பை விரலிடுக்கில் நழுவவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார், முதல் தடவையாக. படகுக்கடியிலிருந்து ஒரு தடித்த கோடு சரிந்து இறங்கியது. 10. 20. போகப்போகக் கோடு மெலிந்தது. நெட்டி சுருங்குவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். 40. பாறையின் பட்டைக்குச் சற்று மேலே வந்ததும் "இப்போ" என்றேன். சுண்டினார். குண்டு ஒரு மெல்லிய இழையாக மேலே ஏறி வந்தது. இன்னொரு கோடு கீழேயே நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, பாறையோடு சேர்ந்துவிட்டது.

திரைமேல் தெறித்திருந்த உப்புத்தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்தார். "எத்தனை மீட்டரு?"

"46, தாத்தா."

தலையை ஆட்டினார். கீழே இன்னும் மீன் அடுக்கடுக்காக நின்றுகொண்டிருந்தது. ஈயக்குண்டைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு நண்பரைப் பார்த்து, "எல்லாரும் நரம்பைச் சுத்துங்கப்பா" என்றார். "கூட்டா பாக்கப் போலாம்."